ஏறும் மீனை விட்டுவிடுங்கள்
தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பிடித்துத் தின்போர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும். பீர்க்கன்காரணை, இரும்புலியூர், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் கலங்கலிலும் வரத்துக் கால்வாயிலும் ஆட்கள் கூடிவிடுவார்கள். வீச்சு வலை, கொசுவலை, பழைய சேலை, வாளி என்று கையில் அகப்பட்டதோடு இறங்குவார்கள். புதுத் தண்ணீரின் வாடை பட்டதும் கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். கணுக்கால் ஆழத் தண்ணீரில் அவற்றுக்கு ஒளியவும் இடமில்லை, திரும்பவும் வழியில்லை. அன்று பிடிபட்ட மீனைக் கீறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வயிறு முழுக்கச் சினை இருக்கும். அடுத்த ஆண்டு ஏரியில் என்ன நீந்தும் என்பது அந்த வயிற்றில்தான் இருக்கிறது.

ஏரி மீனைப் பிடித்துத் தின்பதில் தவறில்லை. இது இந்த மண்ணின் பழைய சாப்பாடு. எந்த நாளில் பிடிக்கிறோம், எப்படிப் பிடிக்கிறோம், யாருடைய பங்கைப் பிடிக்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. முன்பு ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு இருந்தது. மதகைக் காக்க நீர்கட்டி இருந்தார், கரையில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஊர் பார்த்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, பெரும்பாலான ஏரிகளின் கீழே வயலுக்குப் பதில் வீட்டுமனைகள் இருந்தன. பார்த்துக்கொள்ள ஆளில்லாத தண்ணீரில், இறங்குகிறவர்தான் விதியையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வேட்டை: இங்கே அறவே கூடாது

முயல், காடை, கவுதாரி, கொக்கு, நாரை, உடும்பு, ஆமை, எதையும் பிடிக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சுடுவதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, விரட்டிப் பிடிப்பது, பறவையின் முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே அதன் கண்ணில் வேட்டைதான். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில் பட்டியல்கள் மாறியிருக்கின்றன; காவல் குறையவில்லை.

நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளுக்குள் உண்டிகோலோ ஏர்கன்னோ வலையோ எடுத்துப்போகாதீர்கள். குடியிருப்பின் மதில் முடியும் இடத்தில் காடு தொடங்குவதால் அது ஊரின் புறம்போக்கு ஆகிவிடாது.

தூண்டிலில் ஏரி ஆமை சிக்கினால் முள்ளை மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்க வேண்டாம். நரம்பை வாயருகே நறுக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வலைப்பையில் உயிரோடு காட்டுப் பறவையை வைத்துச் சாலையோரம் விற்றால் வாங்காதீர்கள். காடைக் கறி வேண்டுமென்றால் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. விற்கிற மனிதரின் மேல் பாயவும் வேண்டாம். பறவைக்குக் காசு கொடுக்கக் காரில் வந்து நிற்பவர் இல்லையென்றால் கண்ணியும் இல்லை.

இந்தச் சட்டம் வந்தபோது சிலருடைய பிழைப்பு ஒரே நாளில் குற்றமானது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். தோல் வணிகம் நின்ற பிறகு, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் அது நடக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கை மட்டும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பாம்பு சாப்பாடு இல்லைதான். ஆனால் காட்டிலிருந்து எடுத்து வாழ்வதற்கு இதைவிட நல்ல விதிமுறையை நான் பார்த்ததில்லை. எவ்வளவு என்று வரம்பு கட்டு, எதை எடுத்தாய் என்று அடையாளம் வை, எடுத்த இடத்தில் திருப்பி விடு. கீழே மீனைப் பற்றிச் சொல்லும் பலவும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

வயல் எலி, நத்தை, ஈசல் பற்றி ஒரு வார்த்தை. வயல் மிச்சமிருக்கும் பக்கங்களில் இருளர்கள் எலி வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பது பயிருக்கும் நல்லது. எலி மருந்து வைத்த வயல் என்று தெரிந்தால் மட்டும் அந்த எலியைத் தொடக்கூடாது. நத்தையை நன்றாக வேகவைக்காமல் தின்னக்கூடாது. முதல் மழைக்கு ஈசல் பறக்கையில் விளக்கு வைத்துப் பிடியுங்கள், ஆனால் புற்றை உடைக்காதீர்கள்.

ஏரியில் செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டு இறங்குங்கள். பல ஏரிகளில் மீன்பிடி உரிமையை மீன்வளத் துறையோ உள்ளாட்சியோ ஏலம் விட்டிருக்கும். குத்தகைக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டு வளர்ப்பார். அதைப் பிடிப்பது இன்னொருவர் தோட்டத்தில் காய் பறிப்பதுதான். கரையில் டீக்கடையில் விசாரித்தாலே யார் குத்தகை என்று தெரிந்துவிடும்.

முதல் பங்கு யாருடையது என்று பாருங்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். புறநகரின் ஏரிக்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இன்னமும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அன்றைக்குப் பிடித்ததுதான் அவர்களுக்கு அன்றைய குழம்பு, மிஞ்சியது அன்றைய அரிசிக் காசு. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. இருளர் பிடிக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். வீட்டுக்கு ஒரு வேளைக்கு வேண்டியதோடு நிறுத்துங்கள். பிடித்ததை விற்காதீர்கள், விற்றால் அவருடைய விலையைக் கெடுக்கிறீர்கள். முடிந்தால் அவரிடமே வாங்குங்கள். எந்த மடுவில் எந்த மாதம் எந்த மீன் இருக்கும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. பணிவோடு கேட்டால் சொல்லித் தருவார்கள்.

தூண்டிலுக்கு முன்னுரிமை கொடுங்கள். வலை என்றால் இரண்டு விரல் தாராளமாக நுழையும் கண்ணி இருக்கட்டும். தூண்டிலில் வந்த சிறுசை உயிரோடு விடலாம், ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றினால் அதன் மேல்வழுவழுப்பு உரியாது. அது உரிந்தால் மீனுக்குப் புண் வரும்.

விரால் ஓர் அடிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு தடவையாவது குஞ்சு பொரிக்கட்டும்.

ஜிலேபியை வயிறாரத் தின்னுங்கள். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நம் ஏரிகளை நிறைத்துக் கிடக்கிறது. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் கெட்ட தண்ணீரிலும் பெருகிவிடும். நாட்டு மீனின் இடத்தையும் இரையையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. இதற்கு அளவு பார்க்க வேண்டாம், காலம் பார்க்க வேண்டாம். புளி தூக்கலாக வைத்தால் ஜிலேபிக் குழம்பு குறை சொல்ல முடியாத சாப்பாடு. ஆப்பிரிக்கத் தேளியும் அப்படித்தான். அரசு வளர்க்கத் தடை விதித்த மீன் அது, வெள்ளத்தில் குட்டை உடைந்து ஏரிக்குள் பரவியிருக்கிறது. அகப்பட்டால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். உடம்பெல்லாம் கவசம் போன்ற செதிலோடு, மீன்தொட்டிக்காரர்கள் டேங்க் கிளீனர் என்று சொல்லும் மீனும் இதே கணக்கில் சேரும். அது கரையைத் துளைத்து வளை வைக்கும்.

கோடையில் கடைசி மடுவை விட்டுவையுங்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டன. அப்படிப்பட்ட ஆண்டில் ஏரியின் ஆழமான குழியில் தேங்கிய நீரும் சேறுமே மீனினத்தின் விதைநெல். விரால் காற்றை நேரே மூச்சு வாங்கும், சேற்றுக்குள் புதைந்து மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் குறைந்துவிட்டது, எப்படியும் சாகும் என்று நினைத்துச் சேற்றைக் கலக்கி மொத்தமாக வழித்தெடுப்பது தப்புக் கணக்கு.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் கோடைதோறும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஆண்டு முழுக்க அந்தக் கண்மாயில் யாரும் வலை போட மாட்டார்கள். பாசனம் முடிந்து தண்ணீர் வற்றிய பிறகு ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளும் வலையுமாகக் கரையில் காத்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் எல்லோரும் இறங்குவார்கள். சாதியும் காசும் பார்க்காமல் பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரு துண்டுக்குக் காத்து நிற்பார்கள் என்றால், நம் ஏரிகளில் மீன் ஏறும் மழைக்கால மூன்று வாரத்துக்குக் காத்திருக்க முடியாதா? குடியிருப்போர் நலச் சங்கங்கள் நினைத்தால் மாடம்பாக்கத்திலும் சேலையூரிலும் அப்படியொரு நாளைக் குறிக்கலாம். இது என் ஆசை, நடக்கக்கூடிய ஆசைதான்.

சாக்கடை விழும் இடத்தைப் படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். இதை மீன்பிடி விதிகளில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தாம்பரத்து ஏரிகளில் மீனை அதிகம் கொன்றது தூண்டில் இல்லை, வீட்டுக் கழிவுநீர். செம்பாக்கம் ஏரியில் ஆகாயத்தாமரையையும் சாக்கடையையும் எதிர்த்துத் தொண்டு அமைப்புகளும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து வேலை செய்தன. சிட்லபாக்கத்தில் ஊர்மக்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். மீன் வேண்டும் என்கிறவர்கள் அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.

ஏரியில் செய்யக்கூடாதவை

வரத்துக் கால்வாயில் ஏறும் மீனைப் பிடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் வந்து இரண்டு மூன்று வாரம் வரை கால்வாய், கலங்கல், மதகு அடி மூன்றிலும் வலை கட்டக்கூடாது. ஏறுவது முட்டையிட. இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மற்ற விதிகளில் ஒன்றிரண்டு தவறினாலும் ஏரி ஈடுகட்டிவிடும், இதைத் தவறவிட்டால் முடியாது.

குஞ்சோடு இருக்கும் விராலைத் தொடாதீர்கள். பாசி ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு கொத்து நீர்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது விரால் குஞ்சுக் கூட்டம். கீழேயே பெற்றோர் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் தூண்டிலை இறக்கினால் விரால் கோபத்தில் கவ்வும். பிடிப்பது எளிது என்பதால்தான் பலர் இதைத் திறமை என்று நினைக்கிறார்கள். காவல் போன அன்றே நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் கொக்கும் கெளுத்தியும் முடித்துவிடும்.

கரண்ட் வைக்காதீர்கள், தோட்டா போடாதீர்கள், மருந்து கலக்காதீர்கள். வெடியும் விஷமும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மின்சாரம் பெரியது சிறியது பார்க்காது, பிடிக்கிறவரையும் பார்க்காது. பிளீச்சிங் பவுடர் கொட்டிப் பிடிப்பவர் அந்த மீனைத் தின்ன மாட்டார், விற்பார். வாங்குவது நாம்தான்.

கொசுவலையால் அரிக்காதீர்கள். அயிரைக்கு ஆசைப்பட்டு அரிக்கும்போது பத்து வகை மீனின் குஞ்சும் சேர்ந்து வரும்.

விரால் பிடிக்க உயிர்த் தவளையை முள்ளில் குத்தாதீர்கள். மண்புழு போதும், ரப்பர் தவளையும் கடைகளில் இருக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கோடிக்கணக்கில் தவளைகளைப் பிடித்தபோது வயலில் பூச்சி பெருகியதால்தான் 1987இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

வீட்டுத் தொட்டி மீனை ஏரியில் விடாதீர்கள். பாவம் பார்த்து விடும் ஒரு மீன் அந்த ஏரியின் நூறு மீனுக்குப் பாவமாகும்.

அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அதில் சிக்கி மரத்திலேயே தொங்கிச் சாகின்றன.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வலை போடாதீர்கள். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த 1,247 ஹெக்டேர் அது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று நம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேரும் இடம். பக்கத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது. பறவைகளுக்காக மட்டுமல்ல, உங்கள் வயிற்றுக்காகவும் சொல்கிறேன்.

செத்து மிதக்கும் மீனை எடுக்காதீர்கள். கழிவு சேர்ந்த ஏரியில் கோடை விடியலில் உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். அதை அள்ளிச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கருத்த தண்ணீர், சோப்பு நுரை, நாற்றம் மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஏரி மீன் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

பம்மல், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரித் தண்ணீரில் தனியாக இறங்காதீர்கள். ஓர் அடி வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் நிலை கொள்ளாது. ஆண்டுதோறும் பிள்ளைகளை வாங்கும் தண்ணீர் அது.

முட்டுக்காடு, கோவளம் கழியில்

முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் வாய்க்குக் குறுக்கே நெருக்கமான வலை கட்டக்கூடாது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு கழிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். போகிற வழியிலேயே பொடியாக வழித்துவிட்டால் கோவளத்துக் கட்டுமரத்துக்கு இறால் எங்கிருந்து வரும்? கழிகளில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். கைக்கு அகப்படும் பருமன் உள்ளது மட்டும்தான் பறிக்குள் போகும்.

சினை நண்டை விட்டுவிடுங்கள். நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடல் குறுகிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கு வெளியே பஞ்சுபோல் முட்டைக் கொத்து தள்ளியிருந்தால் அது ஆரஞ்சாக இருந்தாலும் கருத்திருந்தாலும் தண்ணீருக்கே.

பேத்தை மீனைத் தின்னாதீர்கள். காற்றை இழுத்து உப்பும் மீன் அது. அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது.

தை முதல் பங்குனி வரை கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அந்த மாதங்களில் இரவில் நீலாங்கரை, கோவளம் மணலில் வலையைப் பரப்பி வைக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள்.

வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு

தாம்பரத்தில் மீன் தின்னும் பெரும்பாலோர் தூண்டில் தொட்டதே இல்லை. ஆனாலும் வலையின் கண்ணியைத் தீர்மானிப்பது அவர்கள்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. கட்டுமரமும் ஃபைபர் படகும் அப்போதும் கடலுக்குப் போகும். அந்த இரண்டு மாதமும் வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நெத்திலி, கவலை, காரப்பொடி என்று கரையோரப் படகில் வந்ததை வாங்குங்கள். விலை ஏறியிருக்கும், அந்தக் காசு சின்னப் படகுக்காரருக்குப் போகட்டும்.

முழங்கை நீளம்கூட இல்லாத வஞ்சிரக் குட்டியைக் கூறு போட்டு மலிவாக விற்றாலும் வேண்டாம். மழைக்காலத்தில் "ஏரி மீன், முழுக்கச் சினை" என்று கூவினால் கடந்துபோங்கள். எந்தக் கரையில் வந்த மீன், எந்த வலையில் பிடித்தது என்று மீன்கார அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்குச் சொல்லவும் செய்வார். நாலு பேர் வாரம் தவறாமல் கேட்டால், அடுத்த ஏலத்தில் அவர் பொடி மீன் கூடையை எடுக்கத் தயங்குவார்.